ஞாயிறும் வியாழனும் தும்மிய கார்

அத்தியாயம் 5

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். நான் சந்தோஷமாக இருக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு முட்டாள்தனம் செய்து முடித்திருப்பேன் என்பதை இத்தனை வருடங்களில் கவனித்திருக்க வேண்டும். கவனிப்பதுதானே என் தொழில்? நெல்லித்தோப்பில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் ‘சாமிக்கண்ணு துப்பறியும் நிலையம்’ என்று ஒரு போர்டு சாய்ந்து தொங்கும். அந்தச் சாமிக்கண்ணு நான்தான்.

எதிர் நாற்காலியில் என் உதவியாளர் அறிவுமதி உட்கார்ந்து, நான் முந்தின நாள் எழுதிக் கொடுத்த அறிக்கையின் நகலைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் லீவில் கடலூர் போய்விட்டு அன்றுதான் வந்திருந்தாள். அவள் இல்லாமல் நான் தனியாகக் கண்டுபிடித்து முடித்த முதல் வழக்கு அது. பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராகக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

வழக்கு இதுதான். மூலக்குளத்தில் மதாம் மதலேன் என்று ஒரு அம்மாள். கணவர் மெஸ்ஸியே ஆந்தனி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் ஐயா என்றால் மெஸ்ஸியே, அம்மா என்றால் மதாம்; குடியுரிமை பிரெஞ்சு, காலை ரொட்டி பிரெஞ்சு, திட்டுவதும் பிரெஞ்சு. கார் மட்டும் 1955-ஆம் வருடத்து இங்கிலீஷ் கார். கறுப்பு நிறம், கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பார்கள். ஒரு மாதமாக அந்தக் கார் மதாம் பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையும், மார்க்கெட்டுக்குப் போகும் வியாழக்கிழமையும் மட்டும் நடுத்தெருவில் ‘டப் டப்’ என்று வெடித்து, இருமி, நின்றுவிடுகிறது. மற்ற நாட்களில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. தட்டாஞ்சாவடி ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு முறை அனுப்பியும் பயனில்லை. யாரோ வேண்டுமென்றே கெடுக்கிறார்கள், கண்டுபிடியுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பேனட்டைத் திறந்தேன். உள்ளே எறும்பு வரிசை. எறும்பு என்றால் சர்க்கரை. சர்க்கரை என்றால் யாரோ பெட்ரோலில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள். காரைத் தொடுகிற ஆள் ஒருவர்தான்: டிரைவர் பக்கிரி. மில் மூடியபோது வேலை போய், பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் கார் ஓட்டிக்கொண்டு, கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவி மணியம்மாளோடு குடியிருக்கிறார். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்,” என்றார். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மதாமிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அறிவுமதி தாளைக் கீழே வைத்தாள்.

“எறும்பு எங்க சார் இருந்துச்சு?”

“பேனட்டுக்குள்ள.”

“பெட்ரோல் டேங்க்கு எங்க இருக்கு?”

“கார்லதான்.”

“கார்ல எந்தப் பக்கம்?”

நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். தெருவில் போன எல்லாக் கார்களும் எனக்கு எதிரியாகத் தெரிந்தன.

“பின்னால,” என்றாள் அவளே. “சர்க்கரை பின்னால. எறும்பு முன்னால. நடுவுல பதினாலு அடி. உங்க எறும்பு இன்னா சார், சர்க்கரை டப்பாவ விட்டுட்டு எதிர்வீட்ல போயி க்யூ நிக்குமா?”

மதாமுக்குப் போன் போட்டேன்.

“உங்க ரிப்போர்ட் மாஞிஃபிக், பிரமாதம், மெஸ்ஸியே சாமிக்கண்ணு!” என்றார் மதாம். “வாசல் கேட்ல நின்னு சத்தமாப் படிச்சேன். தெருவே கேட்டுச்சு. பக்கிரிய இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்.”

போனை வைத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை சறுக்கி விழுந்து அடுத்தவன் வீட்டை இடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு மனுஷன் குடியிருந்த இடம், வேலை, பேர் மூன்றும் என் ஒரு பக்கத் தாளில் போய்விட்டன.

“மணி பதினொண்ணே கால்,” என்றாள் அறிவுமதி, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு. “வாங்க. உலகத்துலயே முதல் முறையா ஒரு துப்பறிவாளர் தன்னோட ரிப்போர்ட்டையே பொய்னு நிரூபிக்கப் போறாரு.”

மூலக்குளத்தில் மணியம்மாள் ஏற்கெனவே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சாக்கின் வாயை ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு என் கழுத்துக்கு என்பது புரிந்தது. பக்கிரி என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

“அண்ணே, உங்களுக்கு ஏதோ தெரியும்,” என்றாள் அறிவுமதி அவரிடம்.

“தெரியும்மா. ஆனா சொல்றதுக்கில்ல. வாக்கு குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“அதச் சொன்னா வாக்கு போயிடும் இல்ல?” என்று சொல்லிவிட்டுக் கட்டிலைக் கழற்றப் போய்விட்டார்.

மதாம் ஷெட்டைத் திறந்துவிட்டார். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். ராத்திரி பூட்டினால் மறுநாள் அவர் கிளம்பி வந்து திறந்தால்தான் உண்டு. மூலையில் துணி போர்த்திய பெரிய வயிறு கொண்ட கண்ணாடிக் குடுவை ஒன்று நின்றது. போன வாரமே அதைப் பார்த்திருந்தேன். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று முடிவு செய்திருந்தேன்.

“அது இன்னா மதாம்?” என்றாள் அறிவுமதி.

“வைன். வீட்லயே திராட்சை போட்டு வெச்சது, ஈஸ்டருக்கு,” என்றார் மதாம் பெருமையாக. “தவக்காலம் இல்லையா? விபூதிப் புதன் அன்னிக்கு நானும் மெஸ்ஸியேவும் ஃபாதர் முன்னால சத்தியம் பண்ணோம். நாப்பது நாளும் ஒரு சொட்டுத் தொட மாட்டோம்னு. குடுவை கனம், யாராலும் சாய்க்க முடியாது. டியூப் விட்டுத்தான் எடுக்கணும். அதனால வீட்ல இருந்த டியூப் அத்தனையும் எடுத்துக் குப்பைல போட்டுட்டேன். சோதனையே வரக்கூடாது பாருங்க!”

பின்னால் நின்ற மெஸ்ஸியே ஆந்தனி, தன் வெள்ளை மீசையைத் தடவிக்கொண்டே, “வ்வி, வ்வி,” என்று ஆமோதித்தார்.

காரை ஓட்டும் ஆளை நான் வேலையிலிருந்து நீக்கியிருந்ததால் அறிவுமதி ஓட்டினாள். கார் வியாழக்கிழமை வந்த வியாதியோடு அப்படியே இருந்தது. தட்டாஞ்சாவடி போய்ச் சேருவதற்குள் பதினேழு முறை வெடித்தது. இந்திரா காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் குடையை விரித்து அதற்குள் ஒளிந்துகொண்டார். ஒவ்வொரு வெடிக்கும் நான் இருக்கையைவிட்டு எழும்பி உட்கார்ந்தேன். அறிவுமதி மட்டும் தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒர்க்‌ஷாப் மேஸ்திரி அம்மாவாசை, கார் உள்ளே நுழையும்போதே கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“வந்துட்டியா ராஜா? ரெண்டு தடவை வந்துச்சு சார் இது. ரெண்டு தடவையும் நல்லா இருந்துச்சு. நல்லா இருக்கற வண்டிய இன்னா பண்றது? கழுவி அனுப்பிட்டோம். இப்பதான் வியாதியோட வந்திருக்கு.”

“பெட்ரோல்ல சர்க்கரை இருக்குமா?” என்று கேட்டேன், கடைசி நம்பிக்கையாக.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சத்தம் எந்தப் பக்கம் வருது, கேளுங்க. பின்னால சைலன்சர்ல வெடிச்சா பெட்ரோல் எரியாமப் போவுதுனு அர்த்தம். இது முன்னால கார்புரேட்டர்ல தும்முது. முன்னால தும்முனா காத்து. எங்கியோ வேண்டாத காத்து உள்ள பூருது.”

“அதாவது சர்க்கரை இல்ல,” என்றாள் அறிவுமதி, எனக்குக் காது கேட்காதோ என்று கவலைப்பட்டவளைப் போல.

அம்மாவாசை ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தி ஒன்றை எடுத்துவந்து பற்றவைத்தார். நான் பூசைக்குத்தான் ஏற்பாடு என்று செருப்பைக் கழற்றினேன்.

“செருப்பப் போடுங்க சார், கீழ ஆணி கெடக்குது,” என்றார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரை விட்டு நன்றாகத் தள்ளியே ஊதுபத்தியைப் பிடித்து, இன்ஜினின் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினார். புகை நேராக மேலே போனது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். மேலேதான் போனது. கண்ணாடிப் பக்கமாக ஒரு கறுப்பு ரப்பர் டியூப்பின் முனைக்கு வந்ததும் புகை திடீரென்று வளைந்து அந்த முனைக்குள் போய் மறைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு வருடத் தொழிலில் ஒரு குற்றவாளியை இவ்வளவு சுத்தமாக யாரும் சுட்டிக்காட்டி நான் பார்த்ததில்லை.

“வைப்பர் டியூப்பு,” என்றார் அம்மாவாசை. “அந்தக் காலத்து வண்டி. வைப்பர் கரண்ட்ல ஓடாது. இன்ஜின் மூச்சு இழுக்குது பாருங்க, அந்த இழுப்புலதான் கண்ணாடியத் தொடைக்கும். இந்தப் பக்கம் டியூப்பு கழண்டு தொங்குது. மார்ச் மாசத்துல எவன் வைப்பர் போடப் போறான்? அதனால தெரியல. சார், அந்த ஓட்டைல வெரல வைங்க.”

வைத்தேன். அடுத்த நொடி இருமிக்கொண்டிருந்த இன்ஜின் தொட்டிலில் போட்ட குழந்தையாக அமைதியானது. நான் ஒரு வழக்கில் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது என்று பெருமைப்பட்டு விரலை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. இன்ஜின் என் விரலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

“அப்படியே இருங்க சார்,” என்றாள் அறிவுமதி. “வாழ்க்கைல முதல் தடவையா உங்களால ஒரு வண்டி ஓடுது.”

இன்ஜினை நிறுத்தி என்னை விடுவித்தார்கள். அம்மாவாசை டியூப்பை முழுசாகக் கழற்றினார். மூன்று அடி நீளம். கழன்று தொங்கிய முனை பழைய சாக்ஸ் மாதிரி நெகிழ்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து என் பழைய சாட்சிகளான எறும்புகள் வரிசையாக வெளியே வந்தன.

“காத்து மட்டும் போற டியூப்புல எறும்புக்கு இன்னா வேலை?” என்று அவர் மோந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். அறிவுமதியிடம் நீட்டினார். அவளும் மோந்தாள்.

“சார், வீட்ல இருந்த டியூப் எல்லாத்தையும் மதாம் தூக்கிப் போட்டாங்க. ஒண்ணே ஒண்ண விட்டுட்டாங்க.” டியூப்பை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். திராட்சை ரச வாசனை குப்பென்று அடித்தது.

டியூப் இருந்த ஓட்டையில் ஒரு தக்கையைச் செருகிக்கொண்டு, மணி நாலே கால் ஆகும்போது நாங்கள் திரும்பி வந்தோம். கேட்டுக்கு வெளியே ஒரு மூன்று சக்கர டிரை சைக்கிளில் கட்டில், டிரங்குப் பெட்டி, சாக்கு மூட்டைகள் எல்லாம் ஏற்றிக் கயிறு போட்டிருந்தார்கள். நான் வயதான தம்பதியையும் பக்கிரியையும் ஷெட்டுக்குள் கூப்பிட்டு நிறுத்தி, டியூப்பை உயர்த்திக் காட்டினேன். சொல்ல வேண்டியதில்லை, இப்படி நின்று பேசுவது எனக்குப் பிடிக்கும்.

“இந்த வீட்டில் ஒருவர்,” என்று ஆரம்பித்தேன், “தவக்காலச் சத்தியத்தை மீறி, இந்த டியூப்பைக் கழற்றி, அந்தக் குடுவைக்குள் விட்டு...”

மெஸ்ஸியே ஆந்தனியின் மீசை தொங்கியது.

“நான்தான்,” என்றார். “சனிக்கிழமை சாயங்காலம் மதலேன் கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போவா. சாவிய ஆணியில மாட்டிட்டுப் போவா. ஒரே ஒரு கிளாஸ்! திருப்பி டியூப்ப மாட்டிடுவேன். அதுல கார் கெட்டுப்போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பட்டாளத்துல நான் சமையல்காரன் மெஸ்ஸியே, மெக்கானிக் இல்ல.”

“ஆந்தனி!” என்றார் மதாம்.

நான் கையைத் தட்டினேன். “வழக்கு முடிந்தது.”

“இந்த வாரத்துல ரெண்டாவது தடவையா,” என்றாள் அறிவுமதி. “மெஸ்ஸியே, சனிக்கிழமை எடுத்தீங்க, ஞாயித்துக்கிழமை கார் தும்முச்சு. சரி. வியாழக்கிழமை ஏன் தும்முச்சு? புதன்கிழமையும் எடுத்தீங்களா?”

“நோன், இல்ல! புதன்கிழமை நான் இங்க எங்க இருக்கேன்? மூணு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் பெத்தாங்க் விளையாடப் போயிடுவேன். பத்துப் பேர் சாட்சி. குண்டு உருட்டறத விட்டுட்டு நான் சாகக் கூட வர மாட்டேன்.”

அறிவுமதி குடுவையின் துணியை எடுத்தாள், டியூப்பை விட்டு ஒரு கிளாஸ் எடுத்தாள். வைன் என்று சொன்னால் திராட்சை வருத்தப்படும். ரோஜாப்பூ கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

“அளவு கொறஞ்சா தெரிஞ்சிடும்னு எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தினேன்,” என்றார் மெஸ்ஸியே ஆந்தனி குழப்பத்தோடு கிளாஸைப் பார்த்து. “ஆனா அஞ்சு வாரம், அஞ்சு கிளாஸ். அதுக்கு இவ்வளவு வெளுக்காதே?”

இப்போது எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம். என்னை வேலைக்கு வைத்தவர், என் அறிக்கையை மாஞிஃபிக் என்றவர், கேட்டருகில் நின்று தெருவுக்கே படித்துக் காட்டியவர், கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“எனக்குப் புதன்கிழமை கால் வலிக்கும்,” என்றார் மதாம் மிகச் சின்னக் குரலில்.

“எத்தனை கிளாஸ்?” என்றார் கணவர்.

“ஒண்ணு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒவ்வொரு காலுக்கும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. ஏனென்றால் மதாம் பக்கிரியைப் பார்த்துவிட்டார்.

“ரெண்டு பேரும் எடுத்தது உனக்குத் தெரியுமா?”

“தெரியும் மதாம். மொத வாரமே ரெண்டு பேரையும் பாத்துட்டேன். நீங்க தனியா சத்தியம் வாங்கினீங்க. மெஸ்ஸியே தனியா வாங்கினாரு. ரெண்டு பேருமே சிலுவைமேல கை வெக்கச் சொன்னீங்க. நான் அந்த சாமிய கும்புடறவன் இல்லதான். ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே?”

“டியூப்பை நீயாவது நல்லா மாட்டியிருக்கலாமே?” என்றார் மதாம்.

“மாட்டுவேனே. நின்னுபோனதும் நான்தான மாட்டுவேன்? நேத்துதான் இந்த சார் பேனட்டயே பாத்துக்கிட்டு நின்னதால மாட்ட முடியல. கம்பி போட்டுக்கூடக் கட்டினேன், அடுத்த வாரமே கம்பியக் காணோம். காலைல ஷெட்டு தொறக்கும்போதே நீங்க வந்து வண்டில ஏறிடறீங்க. அப்ப பேனட்ட தொறந்தா ஏன்னு கேப்பீங்க. இன்னானு சொல்றது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த வேலை போயிருக்காதே, பக்கிரி,” என்றார் மெஸ்ஸியே ஆந்தனி.

“வேலை போயிருக்காது. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணுமே மெஸ்ஸியே.”

மதாம் அழுதுவிட்டார். பக்கிரியின் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடு, எங்கேயும் போகாதே என்று தமிழிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிச் சொன்னார். பக்கிரி சங்கடத்தோடு தலையாட்டினார். “எனக்கு ஒண்ணும் இல்ல மதாம். ஆனா அவ ஒத்துக்கணும்,” என்று வெளியே கைகாட்டினார்.

மணியம்மாள் டிரை சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நான் போய்ச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன், மதாம் போக வேண்டாம் என்கிறார், சாமான்களை இறக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அசடு வழிய எனக்கு எவ்வளவு முகம் இருக்கிறதோ அவ்வளவும் வழிந்தது.

“வாயால சொன்னா ஆச்சா?” என்றார் மணியம்மாள். “நேத்து எழுதிக் குடுத்தீங்க. தெருவே கேட்டுச்சு. சக்கரை போட்டவன் பொண்டாட்டினு இனிமே கொழாயடில என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. இதையும் எழுதுங்க. அதே மாதிரி எல்லாரும் கேக்கணும்.”

நியாயம்தான். நோட்டுப் புத்தகத்தை எடுத்து டிரங்குப் பெட்டிமேல் வைத்து எழுதத் தொடங்கினேன். ‘காரைக் கெடுத்தது யார் என்றால்’ என்று எழுதியதும் பக்கிரி பின்னால் வந்து மெதுவாக என் தோளைத் தொட்டார்.

“சார், அவங்க பேரு வேணாம். தெருவுல பாதிப் பேரு அதே கோயிலுக்குத்தான் போறாங்க. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வேற வருது.”

“அப்ப யார் பேர எழுதறது? யாராவது ஒருத்தர் பேர் வேணுமே?”

அறிவுமதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அறிவுமதி அதை வாங்கி, கேட்டுக்கு வெளியே நடுத்தெருவில் நின்றாள். அவளுக்குக் குரல் எப்போதுமே பெரிசு. வாசல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

“கார் கெட்டது வயசான டியூப்பால. டிரைவர் பக்கிரி பெட்ரோல்ல எதையும் போடல. போட்டாருனு எழுதினவன் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன், ஒரு நல்ல மனுஷன் பேர யோசிக்காமக் கெடுத்தவன். இந்த வழக்குல குற்றவாளி நான் ஒருத்தன்தான். இப்படிக்கு, துப்பறியும் சாமிக்கண்ணு, நெல்லித்தோப்பு.”

எங்கோ ஒரு மாடியில் யாரோ கைதட்டினார்கள். எனக்கு அந்தத் தெரு முழுவதையும் நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. டிரை சைக்கிளின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணியம்மாள் தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு முதல் கயிற்றை அவிழ்த்து, ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கி என் கையில் வைத்தார்.

“பாத்திரம் இருக்குது. மெதுவா எறக்கு.”